ஷோங் வீட்டுப் பெண்

பந்து மறுபடியும் அவனிடம்தான் போயிற்று. கெத்சியாள் வாழையிலையை மடித்துக்கொண்டே பார்த்தாள், பார்க்காததுபோல் பார்த்தாள். கறுப்புத் துணிக்குள் பஞ்சு திணித்துத் தைத்த சின்னப் பந்து, மகள் பெர்சிஸின் கையிலிருந்து கிளம்பி, கோயில் முற்றத்துச் செம்மண்ணுக்கு மேலே சாவகாசமாக வளைந்து, எதிர்வரிசையில் நின்ற தூ செங்கின் உள்ளங்கையில் போய் விழுந்தது. அவன் உடனே திருப்பி எறிந்திருக்கலாம். மற்ற பையன்களெல்லாம் வந்த வேகத்தில் எறிந்துகொண்டுதான் இருந்தார்கள். இவன் மட்டும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், ஒரு மூச்சு நேரம்தான். எறிந்து தொலையேன், பாவி, என்று கெத்சியாள் மனசுக்குள் திட்டினாள். எறிந்தான். மகள் பிடித்தாள், சிரித்தாள், அவள் இடுப்புத் துணியில் தைத்திருந்த வெள்ளிக் காசுகள் சலசலத்தன. கெத்சியாளைச் சுற்றி முக்காலியில் உட்கார்ந்து புத்தாண்டுப் பலகாரம் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தி வெகு நேரமாயிற்று. காலையில் என்ன கேலி, என்ன சிரிப்பு. பாஸ்டர் வீட்டம்மா பிடிக்கிற உருண்டை வருஷா வருஷம் கோணல்தான், கர்த்தர் அவருக்கு ஜெபிக்கிற கையைக் கொடுத்தார், மாவு பிடிக்கிற கையைக் கொடுக்கவில்லை என்று ஒருத்தி கெத்சியாளைக் காட்டிச் சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது ஒருத்தி வாயும் திறக்கவில்லை. பின்கட்டில் மரத்தொட்டியில் வெந்த சோற்றைப் போட்டு இரண்டு ஆண்கள் மாற்றி மாற்றிச் சம்மட்டியால் இடிக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் யாராவது ஏதாவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

வட தாய்லாந்தின் இந்த மலையூருக்கு அவளும் கணவர் ஜெபசிங்கும் மிஷனரிகளாக வந்தபோது பெர்சிஸ் கைக்குழந்தை. வந்த வருஷமே இந்த ஹ்மோங் சனத்தின் புத்தாண்டைப் பார்த்தாள். பையன்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, நடுவில் பந்து போவதும் வருவதும். இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்தாள். விளையாட்டில்லை, பெண்ணும் பிள்ளையும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொள்வதற்கான ஏற்பாடு என்று பிறகு தெரிந்தது. யாரும் யாருக்கும் எறியலாம், ஒரே குலத்துக்குள் மட்டும் கூடாது. ஷோங் வீட்டுப் பையன் ஷோங் வீட்டுப் பெண்ணுக்கு எதிரே நிற்க மாட்டான். எந்த மலையில் பிறந்திருந்தாலும், ஜென்மத்தில் பார்த்தேயிராவிட்டாலும், குலம் ஒன்று என்றால் அண்ணன் தங்கைதான். அவளுக்கு அது சட்டென்று பிடிபட்டது. நம்ம ஊர்ப் பங்காளி முறைதானே, பெரியப்பா மகனை எவள் கட்டுவாள்? சபை வளர்ந்து, இவர்கள் வீட்டுச் சுவரில் இருந்த ஆவிப் பலகைகளைத் தாங்களே கழற்றிக் கொளுத்திய பிறகும் பந்து போகவில்லை, இந்த முறையும் போகவில்லை. ஜெபசிங்கே ஆராதனை முடிந்ததும் மைக்கைப் பிடித்துக்கொண்டு எந்த வரிசை எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வார். இதோ இப்போதுகூடச் சொல்லிக்கொண்டிருக்கிறார், பாடல் குழுவுக்குப் பரிசு என்கிறார், கறி வெந்துவிட்டதா என்கிறார், மகள் நிற்கும் பக்கம் மட்டும் கண்ணைத் திருப்பவில்லை. காலையில் பெர்சிஸை யாங் வீட்டுப் பையன்களுக்கு எதிரேதான் நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் எறிந்தாள். அப்புறம் வரிசையை விட்டு வெளியே வந்து, எல்லோரும் பார்க்க அந்தக் கோடிக்கு நடந்து போய் தூ செங்குக்கு எதிரே நின்றாள். தூ செங் ஷோங் குலம். சபை மூப்பர் குவா லெங்கின் செத்துப்போன தம்பிக்கு மகன். பெர்சிஸும் ஷோங் குலம்.

மெஞ்ஞானபுரத்தில் பிறந்த ஜெபசிங் எப்படி ஷோங் ஆனார் என்பதை நினைக்கக் கூடாது என்று அவள் இலையின் நரம்பைக் கிள்ளினாள். நினைக்கக் கூடாது என்றாலே அது வந்து நிற்கும். இரண்டாவது மழைக்காலம், இங்கே பிறந்த மகன் ஆசீருக்குக் காய்ச்சல், மண் சரிந்து பாதை அடைத்துக் கிடக்கிறது, வண்டி தேடிப் போன ஜெபசிங் இடுப்பளவு சேற்றோடு வெறுங்கையாகத் திரும்பி வருகிறார். குழந்தைக்கு அப்போதுதான் கழுத்து நின்றிருந்தது. விடியும் முன்னால் மடியிலேயே குளிர்ந்துவிட்டான். அவளுக்குப் பால் கட்டி மார்பு கல்லாக வலித்தது, பிள்ளை போனதைவிட அந்த வலிதான் அன்று பெரிதாகத் தெரிந்தது, அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு. புதைக்க இடமில்லை. கீழே சமவெளிக்குக் கொண்டுபோக வழியில்லை. ஊருக்கு மேலே உள்ள மேடு ஷோங் ஆட்களின் மண், வேற்றுக் குலத்தாரை அதில் வைப்பது வழக்கமில்லை. அப்போதுதான் குவா லெங் நனைந்துகொண்டு வந்து வாசலில் நின்றார். அன்றைக்கு அவர் ஞானஸ்நானம்கூட எடுக்கவில்லை. "எங்க ஆட்களை மட்டும்தான் அங்க வைக்கலாம்," என்றார். "அதனால நீங்க எங்க ஆட்களாயிடுங்க." அவ்வளவுதான். கோழி முட்டையை அவித்துக் கையில் கொடுத்தார்கள், மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள், ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து ஜெபசிங்கைத் தம்பி என்று கூப்பிட்டார்கள். ஜெபசிங் அழுதுகொண்டே தலையாட்டினார். ஷோங் வீட்டுப் பிள்ளையாக ஆசீர் மேட்டில் இறங்கினான். அன்றுமுதல் குவா லெங் கெத்சியாளுக்கு அத்தான் ஆனார், பெர்சிஸுக்குப் பெரியப்பா ஆனார். தூ செங் அண்ணன் ஆனான். பெர்சிஸ் அவனை அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டு கோஸுத் தோட்டத்தில் பின்னாலேயே திரிவாள். எப்போது அந்த அண்ணா நின்றுபோனது? போன வருஷமா, அதற்கும் முன்னாலா? கெத்சியாள் எவ்வளவு யோசித்தும் பிடி கிடைக்கவில்லை. ஒரு தாய்க்கு இதுகூடக் காதில் விழாமல் போகுமா? சபைப் பெண்கள் எல்லோருடைய வீட்டுச் சமாசாரமும் அவளுக்கு அத்துப்படி, சொந்த வீட்டுக்குள் மட்டும் செவிடு.

உண்மையிலேயே நாம் ஷோங்கா? விடுமுறைக்கு ஊருக்குப் போனபோதெல்லாம் இதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லியிருக்கிறாள். கன்வென்ஷன் பந்தலில் ஜெபசிங் இவர்கள் தைத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஐயாமார்களே அம்மாமார்களே, நான் இப்போது ஷோங் குலத்துக்காரன் என்பார், சனம் கைதட்டும். குழந்தையைப் பற்றி அங்கே சொல்வதில்லை. சொன்னால் அழுகை வந்துவிடும், காணிக்கை நேரத்தில் அழுதால் நன்றாயிருக்காது என்பார் அவர். ஆக, அங்கே அது வேடிக்கை, இங்கே அது ரத்தம், நடுவில் அவள். போன வாரம் அடுப்படியில் பெர்சிஸ் இதைத்தான் கேட்டாள். கீரை ஆய்ந்துகொண்டே, தலையைத் தூக்காமல், "அம்மா, நாம நெசமாவே ஷோங் தானா?" என்றாள். "எதுக்குக் கேக்க?" என்றாள் இவள். "சும்மாத்தான்." "சும்மா கேக்குற கேள்வியா இது? அவுகட்ட கேளு." அவுக என்றால் ஜெபசிங். அவரிடம் கேட்டால் அவர், அம்மாவைக் கேளு என்பார். பிரசங்க மேடையில் ஏறினால் சிங்கம்தான், வீட்டு விஷயம் என்றால் செருப்பைத் தேடுவார். பெர்சிஸ் கீரைக் காம்புகளை ஒரே நீளத்துக்கு ஒடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதே உட்கார்ந்து பேசியிருக்கலாம். அடுப்பில் பால் வைத்திருந்தேன், அது பொங்கிவிடும் என்று இருந்தது, என்று இப்போது தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பால் பொங்கவும் இல்லை.

எதிரே பந்து போயிற்று, வந்தது. மலைக்கு மேலே மூட்டமாக இருந்தது, வெயில் வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டிவிட்டு வராமலேயே இருந்தது. முற்றத்தில் மற்றப் பையன்களும் பெண்களும் எறிந்துகொண்டுதான் இருந்தார்கள், ஆனால் அந்த இரண்டு பேருக்கு இரு பக்கமும் ஆள் விலகி, தோட்டத்தில் நோய் விழுந்த பாத்திக்கு அக்கம்பக்கம் விடுவதுபோல் இடம் விட்டிருந்தார்கள். பெரியவர்கள் கூட்டமாகச் சுவரோரம் நின்றார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் இவளும் எழுந்து போய் மகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பாள். இந்த மனிதர்கள் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை, அமைதியாவதைத்தான் பார்த்திருக்கிறாள். மேல் ஊரில் இப்படித்தான். ஒரே குலத்துப் பையனும் பெண்ணும் ஆசைப்பட்டுவிட்டார்கள். வீட்டில் யாரும் அடிக்கவில்லை, வையவில்லை, பேசாமல் மட்டும் இருந்தார்கள். ஒரு நாள் காலையில் தோட்டத்துக் குடிசையில் அந்த இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. ஜெபசிங்தான் போய் அடக்கம் செய்தார். கெத்சியாளும் கூடப் போனாள். அந்தப் பெண் நல்ல உடுப்பு உடுத்தியிருந்தாள், புத்தாண்டு உடுப்பு. அது என்ன நிறம் என்று இப்போது ஞாபகம் வரப் பார்த்தது, வர வேண்டாம் என்று அவள் பெர்சிஸின் உடுப்பைப் பார்த்தாள், பார்த்ததும் ஞாபகம் வந்தே விட்டது. பச்சைக் கரை. உலகத்தில் பச்சைக் கரைக்கு என்ன பஞ்சம், எல்லாப் பெண்ணும்தான் போட்டிருக்கிறாள், என்று சொல்லிக்கொண்டாள். உருண்டை இலையை விட்டு வெளியே விழுந்தது.

ஆனால் பயம் மட்டுமா இருந்தது? அதை அவள் தோண்ட விரும்பவில்லை, மனசோ அந்த இடத்துக்கே போய்ப் போய் இடறியது. பயத்துக்கு அடியில் ஒரு நிம்மதி இருந்தது. முந்தாநாள் பாளையங்கோட்டையிலிருந்து அண்ணன் போன் பண்ணியிருந்தார். "ஏட்டி கெத்சி, பெங்களூர்ல இருக்கான் பையன், நம்ம ஆளுதான், தாய் தகப்பன் ரெண்டு பேரும் டீச்சர். போட்டோ பாத்துட்டு அவுகளுக்குப் புடிச்சிருக்கு. பிள்ளைய காட்டுலயே வச்சு முத்த விட்டுறாத." நம்ம ஆள். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் நெஞ்சில் பாலை வார்த்தது மாதிரி இருந்ததே, அதை யாரிடம் போய்ச் சொல்வது? தேவனுக்கு முன்னால் குலமில்லை கோத்திரமில்லை என்று இந்த முற்றத்தில்தான், இதே முக்காலியில் உட்கார்ந்து, இந்தப் பெண்களுக்கு வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தாள். சொன்னதெல்லாம் பொய்யில்லை, நம்பித்தான் சொன்னாள். இவர்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டாள், இவர்கள் பிள்ளைகளுக்குச் சீழ் துடைத்தாள், பிரசவம் பார்த்தாள். மகளைக் கொடுப்பது என்றதும் உடம்பு எங்கிருந்தோ ஒரு பழைய கதவைச் சாத்திக்கொண்டது. அண்ணனிடம் என்ன சொல்வது, ஊரில் என்ன சொல்வார்கள், மிஷனரிப் பொம்பளை பிள்ளையை மலைக்காரனிடம் விட்டுவிட்டாள் என்று கல்யாண வீட்டுப் பந்தியில் பேசுவார்கள். தூ செங்கிடம் ஒரு குறை சொல்ல முடியாது. தங்கமான பையன். வாத்தியார் வேலைக்குப் படித்தவன், கிட்டார் வாசிப்பான், அவள் காய்ச்சலில் கிடந்தபோது தண்ணீர் சுமந்து ஊற்றினவன். குறை இருந்தால் சுலபமாயிருக்கும். வேண்டாம் என்று அவள் சொல்ல வேண்டியிராமல், அவர்கள் முறையே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறதே, அதுதான் நிம்மதி. நான் தடுக்கவில்லை மகளே, உன் பெரியப்பாமார்கள் சம்மதிக்க மாட்டார்கள், நாம் ஷோங் அல்லவா, என்று மெல்லத் தலையைத் தடவிச் சொல்லலாம். இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததே தவிர நினைப்பு போகவில்லை.

சுற்றியிருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஏன் எழுகிறார்கள் என்று நிமிர்ந்தபோது குவா லெங் வந்துகொண்டிருந்தார். தம்பி மனைவிக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று ஒரு முக்காலி தள்ளித்தான் உட்கார்ந்தார். பெரிய மனிதர், முழங்கால் மடங்கக் கஷ்டப்பட்டது. கொஞ்ச நேரம் பந்தைப் பார்த்தார்.

"பெர்சிஸ் அம்மா, பையன் சரியாச் சாப்பிடுறதில்ல," என்றார். "ராத்திரி தோட்டத்துக் குடிசையில போய்ப் படுத்துக்கிறான். அவன் அம்மா தினமும் பின்னாலயே போய், தூங்குறானான்னு பார்த்துட்டு வர்றா. எனக்கு அவனைப் புதைக்க மனசில்ல."

கெத்சியாள் தோட்டத்துக் குடிசை என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள்.

"பாஸ்டரைக் கேட்டேன். உங்களைக் கேக்கச் சொன்னாரு."

"என்ன கேக்கணும் அத்தான்?"

"அன்னைக்கு நூல் கட்டினோம். நீங்க துக்கத்துல இருந்தீங்க. அன்னைக்கு நாங்க எதைச் சொல்லியிருந்தாலும் சரின்னிருப்பீங்க, அது எனக்குத் தெரியாதா? மண்ணுக்காகச் செஞ்சது அது, மனசறிஞ்சு செஞ்சதில்ல, நாங்க வெளியாட்கள்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும். நான் இப்பவே எந்திரிச்சுப் பெரியவங்க முன்னால அதைச் சொல்லிடறேன். நூல் கட்டினவன் நான்தான், தப்பா கட்டிட்டேன்னு சொல்றேன். கேவலம் என்னோட போகட்டும். பிள்ளைங்க ரெண்டும் பிழைச்சுக்கும்."

அவர் இப்படிக் கேட்பார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. மறுப்பதற்குத்தான் வருகிறார் என்று இருந்தாள், மறுப்பை வாங்கிக்கொள்ள மடியை விரித்துத் தயாராக இருந்தாள். இந்த மனிதர் குலத்தையே விட்டுக்கொடுக்க வந்திருக்கிறார். ஒரு வார்த்தை. இல்லை என்று ஒரு வார்த்தை. பெர்சிஸ் அங்கே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எறியாமல் நின்றாள், அவளுக்கு இங்கே என்ன பேச்சு நடக்கிறதென்று தெரிந்திருந்தது. அவளும் அவனும் இதற்காகத்தான் காலையிலிருந்து எல்லோர் முன்னாலும் நின்றுகொண்டிருக்கிறார்கள், பெரியவர்களைக் கேட்க வைப்பதற்காக. எவ்வளவு நெஞ்சுரம் இந்தப் பெண்ணுக்கு. என் பிள்ளையா இது என்று ஒரு கணம் பெருமைகூட வந்தது. சொல்லிவிடலாம். சொன்னால் என்ன? அண்ணன் பேச மாட்டார், பேசாவிட்டால் போகட்டும். கல்யாணத்துக்கு ஊரிலிருந்து ஒருத்தரும் வர மாட்டார்கள். பேரப்பிள்ளைகள் இந்தச் சின்னக் கண்ணோடு, இந்த மூக்கோடு, மெஞ்ஞானபுரம் கோயிலுக்குள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும், எல்லாத் தலையும் திரும்பும்.

"அப்போ ஆசீர்?" என்று கேட்டாள். "நாங்க வெளியாளுன்னா, மேட்டுல கிடக்கற என் பிள்ளை?"

"அவனை யாரும் தொட மாட்டாங்க. நான் பொறுப்பு. எனக்கு அப்புறம் என் மகன் பொறுப்பு," என்றார் குவா லெங்.

அந்தச் சாக்கையும் அவர் எடுத்துவிட்டார். இனி அவளிடம் இருந்தது அவளுடைய சொந்த விருப்பம் ஒன்றுதான். அது வாய்வரை வந்து, வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வெளியே வந்தது.

"நாங்க ஷோங்தான் அத்தான்," என்றாள் கெத்சியாள். "என் பிள்ளை ஷோங்கா மண்ணுக்குள்ள கிடக்கான். அவனப் பெத்தவ நான் எப்படி இல்லன்னு சொல்லுவேன்?"

சொன்னதும் அழுகை வந்தது. நிஜ அழுகை, நடிப்பில்லை. ஆசீருக்காகத்தான் கண்ணீர் வந்தது, ஆசீருக்காகச் சொல்லவில்லை, இரண்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அழுதாள். குவா லெங்கின் முகம் முதலில் விழுந்தது. தம்பி மகனை அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த முகத்தில் வேறு ஒன்று ஏறிற்று, இத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்திருந்த ஒரு சந்தேகம் தீர்ந்ததுபோல. அவரும் அழுதார். சுவரோரம் நின்றவர்களிடம் போய், கையை உயர்த்தி, அவள் சொன்னதை அப்படியே சொன்னார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடிற்று. தள்ளிப் போயிருந்த பெண்கள் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். எங்களை விட்டுக்கொடுக்கவில்லையே தாயே, பிள்ளை ஆசையைக்கூட எங்களுக்காக விட்டாயே என்று ஒருத்தி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக் கேவினாள். மாவும் கண்ணீருமாக எல்லோர் கையும் அவள்மேல் இருந்தது, அவளுக்கு மூச்சு முட்டியது. அந்தக் கைகளுக்கு நடுவிலிருந்து பார்த்தாள். தூ செங்கின் கை தொங்கிப்போயிருந்தது. அவன் யாரையும் பார்க்காமல் தோட்டத்துப் பாதையில் இறங்கி நடந்தான். அவன் அம்மா அவன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள், இரண்டு ஆண்கள் சம்மட்டியைப் போட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் ஓடினார்கள். பெர்சிஸ் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குவா லெங் திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்திருந்தார். "பையனை நான் பார்த்துக்கிறேன்," என்றார். "இனிமே ராத்திரி என் பக்கத்துலதான் படுப்பான். நீங்க ஒரு பெரிய முடிச்சை அவிழ்த்துட்டீங்க. கீழ் ஊர் யாங் வீட்டுலேருந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மூத்தவனுக்கு. போன மழையில பெண்டாட்டி தவறிப்போச்சே, நீங்ககூடப் போய் ஜெபம் பண்ணினீங்களே, அவனுக்கு. ரெண்டு பிள்ளைங்க. நல்ல சபைக் குடும்பம். பெர்சிஸ் எங்க பொண்ணுதானான்னு எங்களுக்கே தெரியாதப்போ நாங்க எப்படி வாக்குக் கொடுக்கிறது? பாஸ்டர் குடும்பம் பதில் சொல்லட்டும், இருங்கன்னு நிறுத்தி வச்சிருந்தோம். இப்போ எங்க பொண்ணு. எல்லார் காதுலயும் விழுந்தாச்சு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அல்லது புரிவதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை. ஷோங் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை முடிவுசெய்வது ஷோங் ஆண்கள்தான், தாய் தகப்பன் நடுவில் பேசுவதில்லை, எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறாள். பார்த்து, பரவாயில்லையே, தாய்க்கு ஒரு பொறுப்புமில்லை என்று சிரித்திருக்கிறாள். "அத்தான், அவ படிக்கணும்," என்றாள். "ஊர்ல அவளுக்கு..." அங்கேயே நிறுத்திக்கொண்டாள். ஊரில் அவளுக்கு என்ன என்று எப்படிச் சொல்வது?

"நம்ம பொண்ணுங்க கல்யாணம் ஆகியும் படிக்கிறாங்க," என்றார் அவர் அன்பாக. "நீங்க ஏன் தனியாக் கிடந்து கவலைப்படுறீங்க? இனிமே நாங்க இருக்கோம்." கோயில் வாசல் பக்கம் கையைக் காட்டினார். அங்கே இரண்டு யாங் பெரியவர்கள் நின்றார்கள். காலையிலிருந்தே நின்றிருப்பார்கள்போல, விருந்துக்கு வந்தவர்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அதில் ஒருவர் கையில் ஒரு கறுப்புக் குடை, மடித்து, கோடு போட்ட தலைப்பாகைத் துணியால் இறுக்கிச் சுற்றியிருந்தது. மழைக்கான குடை இல்லை அது. பெண் கேட்டு வரும் தரகர்கள் கொண்டுவருவது. பெண் வீட்டுச் சுவரில் அது மாட்டப்பட்டுவிட்டால் பேச்சு ஆரம்பித்துவிட்டதென்று அர்த்தம், அப்புறம் எடுத்து வெளியே வைக்கிற வழக்கமில்லை. கெத்சியாள் ஜெபசிங்கைத் தேடினாள். அவர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அணைத்துவிட்டதை மறந்து, வாயருகே பிடித்தபடி நின்றிருந்தார். கறுத்துப்போயிருந்தது முகம்.

பெர்சிஸ் அவளருகில் வந்தாள். உடுப்பின் காசுகள் சத்தம் போடாதபடி மெதுவாக நடந்து வந்தாள். யாருக்கும் புரியாத தமிழில், ஊருக்குப் போன் பேசும் குரலில், "மாமாட்ட நீங்க பேசினது எனக்குக் கேட்டுச்சு," என்றாள். "நம்ம ஆளுதானேன்னு திருப்பிக் கேட்டீங்க. ரெண்டு தடவ கேட்டீங்க."

"பெர்சி, நான் உனக்காகத்தான்..."

"ஆசீர் பேரச் சொல்லிட்டீங்களேம்மா."

அவள் அழுதிருந்தால் கெத்சியாள் பிடித்துக்கொண்டிருப்பாள். கத்தியிருந்தால், எல்லோர் முன்னாலும் காலில் விழுந்தாவது, இல்லை, நாங்கள் ஷோங் இல்லை, நான் சொன்னது பொய் என்று சொல்லியிருப்பாள். பெர்சிஸ் அழவில்லை. குவா லெங்கின் பக்கம் திரும்பி, அவருடைய மொழியில், தெளிவாக, "நீங்க சொன்னாச் சரி பெரியப்பா," என்றாள். பெண்கள் சந்தோஷமாக மூச்சுவிட்டார்கள். பிறகு மறுபடியும் தமிழில், "போங்கம்மா. பொண்ணு கேட்டு வந்தவங்கள வெளிய நிறுத்தக் கூடாது. போய்க் கதவத் தொறங்க," என்றாள்.

கெத்சியாள் எழுந்தாள். கோயிலுக்குப் பின்னால்தான் வீடு. யாங் பெரியவர்கள் பின்னால் வந்தார்கள், ஷோங் ஆட்கள் அவர்களுக்குப் பின்னால், பெண்கள் பலகாரத் தட்டோடு. இப்போதும் சொல்லலாம் என்று நடக்கும்போது நினைத்தாள். திரும்பி நின்று சொல்லலாம். சொன்னால், அப்போது ஏன் ஆமாம் என்றாய் என்று கேட்பார்கள். தன்னைக் கட்டிக்கொண்டு அழுத அத்தனை பேரும் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதிலை நினைத்துப் பார்த்தாள், அதற்குள் படி வந்துவிட்டது, பதிலைச் சொல்வதைவிடப் படி ஏறுவது லேசாக இருந்தது. படியில் ஏறிப் பூட்டைத் திறந்தாள். வீட்டுக்குள் இருட்டாக, காலையில் காய்ச்சிய காப்பியின் வாசனையோடு, யாரும் இல்லாமல் இருந்தது. குடை வைத்திருந்த பெரியவர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார், உள்ளே வந்து சுவரைப் பார்த்தார், எங்கே மாட்டலாம் தாயே என்று மரியாதையாகக் கேட்டார். சுவரில் ஒரே ஒரு ஆணிதான் இருந்தது. அதில் திருநெல்வேலியிலிருந்து வந்த காலண்டர் தொங்கியது. கெத்சியாள் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவருக்கு வழிவிட்டு நின்றாள்.